கடல் தண்ணீரில் இருந்த ஆமை

“கடலில கிடக்கிறதைப் பேசினுக்குள்ள வைச்சு வளர்க்கப் போறாளாம். ஒரு கிழமை தாங்காது.”

அப்பா இதை அம்மாவிடம்தான் சொன்னார். ஆனால் எனக்கும் கேட்க வேண்டும் என்று, தோளில் கிடந்த வலையை இறக்கிவிட்டு நின்று சொன்னார். நான் படிப்பை முடித்துவிட்டு வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். கையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, பச்சை ஓட்டு ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. விடுதியில் என் அறையில் இருந்த, அக்கராயன் ஊர்ச் சிநேகிதி கடையில் வாங்கி வளர்த்தது. வெளிநாடு போகும்போது என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

எங்கள் வீடு முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. உயர்தரம் வரை படித்து, அதையும் தாண்டிக் கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. உயிரியலில் நல்ல பெறுபேறு எடுத்தவளுக்கு ஒரு சின்ன ஆமையை வளர்க்கத் தெரியாதா என்ன?

சிநேகிதி விடுதிக் குழாய்த் தண்ணீரில்தான் அதை வைத்திருந்தாள். அதைப் பார்த்தபோதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும். கடல் இல்லாத ஊரில் பிறந்தவள், வேறு என்ன செய்வாள் என்று நினைத்துக்கொள்வேன். நான் பிறந்தது முதல் பார்த்த ஆமைகள் எல்லாம் அப்பாவின் வலையில் சிக்கி, வலைக் கயிற்றை அறுத்து விடப்பட்டுக் கடலுக்கே திரும்பிப் போனவைதான். ஆமைக்குக் கடல் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதனால் அம்மாவிடம் சொன்னேன். அம்மா விடியற்காலையில் வலையில் மீன் கழற்றக் கரைக்குப் போகிறவர். திரும்பி வரும்போது ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் கடல் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார். ஏறி இருக்கக் கல் ஒன்று வைப்போமா என்று நான் கேட்டதற்கு, முட்டை போடத் தவிர ஆமை தரைக்கு வராது என்று அப்பா சொன்னார். அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. வெயில் படாமல், சமைக்கிற குசினி மூலையில் அகலமான பிளாஸ்டிக் பேசினை வைத்தேன்.

முதல் நாள் ஆமை இறாலைத் தின்னவில்லை. பயணக் களைப்பு என்றேன். மூன்றாம் நாளும் தின்னவில்லை. சிநேகிதி தந்த உருண்டைத் தீனியைப் போட்டேன், ஊறிக் கரைந்து தண்ணீர்தான் நாறியது. ஐந்தாம் நாள் அதன் கண்கள் வீங்கி மூடிவிட்டன. தொட்டால் தலையை இழுக்கிற ஆமை, தொட்டாலும் அசையாமல் கிடந்தது. அப்பா ஒவ்வொரு பின்னேரமும் குசினிக்குள் எட்டிப் பார்ப்பார். பேசினைப் பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பிவிடுவார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தண்ணீரில்தான் ஏதோ குறை, இரண்டு கானாகக் கொண்டுவரட்டோ என்று அம்மா கேட்டார். இதெல்லாம் வீண் வேலை என்று அப்பா முணுமுணுத்தார். அதற்கு அம்மா சொன்ன பதில் எனக்குக் கேட்டது.

“அவள் படிச்சவள். அவள் தெரியாமலோ சொல்லுவாள்?”

ஆறாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, பேசினைக் கழுவுவதற்காக ஆமையைத் தூக்கிப் பழைய பேப்பரில் விட்டேன். அது மெல்ல நகர்ந்தது. பேப்பரில் கீறுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். ஐந்து சின்ன நகங்கள். விரல்களுக்கு இடையில் மெல்லிய தோல். அப்பா வலையிலிருந்து அறுத்துவிடுகிற ஆமைகளுக்கு விரல் கிடையாது, துடுப்புத்தான். இதற்குக் கால் இருந்தது. கரையில் ஏறி நடக்கிற கால். ஒரு கிழமையாகக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

சிநேகிதிக்கு அழைத்தேன். அங்கே அப்போது விடியவும் இல்லை.

“எடி, கடல் தண்ணியிலயோ விட்டனீ? அது குளத்து ஆமையடி. எங்கட குளத்துக் கட்டில வெயில் காயிறதுகளைப் போல ஒண்டு.”

அம்மா கானோடு முற்றத்தில் நின்றார். அவரிடம் சொல்வதுதான் சிநேகிதியிடம் கேட்பதைவிடக் கடினமாக இருந்தது.

“ஊத்தாதேங்கோ அம்மா. நான் சொன்னது பிழை.”

அம்மா கானை வேலியோரம் கவிழ்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு. என்ர தோள் தப்பிச்சுது” என்றார்.

எங்கள் கிணறும் உவர். அப்பா சைக்கிளில் கோயில் வளவுக் கிணற்றுக்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். நான் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே பேசினில் ஊற்றினேன். ஒரு தட்டைக் கல்லை வைத்துக் காலை வெயிலுக்கு முற்றத்தில் இறக்கினேன். காகம் தூக்காமல் மேலே வலைத்துண்டு ஒன்றை அப்பா கட்டினார். நான் கேட்காமலே.

மூன்றாம் நாள் ஒரு கண் திறந்தது. ஐந்தாம் நாள் கல்லில் வைத்த ஒரு கூனி இறாலைக் கவ்வி, அதை விழுங்கத் தண்ணீருக்குள் ஓடியது. தரையில் வைத்து இந்த ஆமையால் விழுங்க முடியாது என்பதை அன்றுதான் கண்டேன். இப்போது தீனிக்குத் தண்ணீர் ஊற்றிய தனிச் சட்டி. அதன் தலையளவுக்கு மேல் கொடுப்பதில்லை. ஒருநாள் முள்ளோடு நசித்த சின்ன மீன், ஒருநாள் பொன்னாங்காணி.

இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஓடு இப்போது என் உள்ளங்கையைவிடப் பெரிது. போன மாதம் அப்பா, பெரிதானால் குளமொன்றில் விட்டுவிடலாமே என்றார். முடியாது என்றேன். இது இந்த நாட்டு ஆமை இல்லை, விட்டால் எங்கள் குளத்து ஆமைகளின் தீனியை இது தின்றுவிடும் என்றேன். இந்த முறை சொல்வதற்கு முன் நன்றாக விசாரித்திருந்தேன்.

“முப்பது வருசம் இருக்குமெண்டு நீதானே சொன்னனீ? அப்ப சீதனத்தில ஆமையும் ஒண்டு எண்டு பேசுவம்” என்றார் அப்பா.

கிணற்றடியில் ஆமைக்குத் தொட்டி கட்டியாயிற்று. ஒரு பக்கம் சரிவு, ஏறி வெயில் காய. சீமெந்துக் காரம் போக மூன்று தடவை தண்ணீர் நிரப்பி இறைத்துவிட்டேன். இன்று காலை, ஆமையை விடுவதற்காக, நான்காவது தடவை நிரப்பியிருக்கிறேன், கோயில் கிணற்றுத் தண்ணீரால்.