வீட்டுத்தலைவனின் புகழும் அருந்ததியின் மோட்டார் சைக்கிளும்

மயில்வாகனம் பெண்களுக்கு எதிராகத் திரும்பியது 2003ஆம் ஆண்டு ஆனி மாதம், நெளுக்குளத்து வாய்க்கால் ஒன்றுக்குள். சைக்கிள் கரியரில் பலாப்பழம் கட்டிக்கொண்டு வந்தவனை, தொண்டு நிறுவனத்து மோட்டார் சைக்கிளில் வந்த பெண்ணொருத்தி முந்திப்போனாள். முந்தினாளே தவிர முட்டவில்லை. இவன்தான் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தபடி பழத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கினான். அதுகூடப் பரவாயில்லை. அவள் திரும்பி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "அண்ணை, றோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனாள். மானமுள்ள மனிதன் வேறென்ன செய்வான்? எழுதத் தொடங்கினான்.

எழுதினான் என்றால் தன் கையால் அல்ல. கணினியில் தமிழ் தட்ட அவனுக்கு வராது. வவுனியாக் கடைவீதியில் பாறூக் நானாவின் கொமினிகேசனில், வெளிநாட்டுக்குக் கதைக்கிற கண்ணாடிக் கூடு இரண்டும் இன்டர்நெட் பெட்டி மூன்றும் இருந்தன. தட்டிக் கொடுப்பதற்கு கௌசலா என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி. இவன் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு அவளுடைய கதிரைக்குப் பின்னால் நடந்து நடந்து சொல்வான். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கமாக வந்து விழுவதை அவள் பொறுக்கி வசனமாக்குவாள். "பொம்பிளையின்ரை இடம் குசினி, அடுப்படி" என்று உலகத்துக்கு அறிவித்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை, முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளிவரை தட்டியது ஒரு பொம்பிளை. இதில் இருந்த பகிடி அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆளுக்கு முப்பத்தாறு வயது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து, அங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்காக இருந்தவன். தாயும் தகப்பனும் அங்கேயே கண்ணை மூடிவிட்டார்கள். சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் தங்கச்சி அருந்ததியோடு நெளுக்குளத்துக்கு வந்தபின், தகுதிக்கேற்ற வேலை தேடிக்கொண்டிருந்தான். தேடத் தொடங்கி மூன்று வருடம் ஆயிற்று. தகுதி அவ்வளவு பெரிசு போலிருக்கிறது.

அருந்ததி அவனுக்கு ஏழு வயது இளையவள். மீளக் குடியேறிய ஊர்களில் பாழ்பட்ட கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கும் தொண்டு நிறுவனத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு, அவர்கள் கொடுத்த மோட்டார் சைக்கிளில் ஓமந்தைப் பக்கம் போனால் மாலைதான் திரும்புவாள். அப்படியென்றால் வீட்டில் சமையல் யார்? வேறு யார், நம்முடைய ஆள்தான். புட்டு அவிப்பான், தேங்காய் துருவுவான், கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பான். சும்மா சொல்லக்கூடாது, கைப்பக்குவம் நல்ல கைப்பக்குவம். சட்டி பானை கழுவிக் கவிழ்த்து, சீப்பால் தலை இழுத்து, அவள் வைத்துவிட்டுப் போன காசை எடுத்துக்கொண்டு பெண்களைத் திருத்தப் புறப்படுவான். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப் போவதாகத்தான் அருந்ததி நினைத்திருந்தாள்.

புலம்பெயர்ந்த சனம் கூடும் இணையக் கருத்துக்களம் ஒன்றில் அவனுக்குப் பெயர் 'வீட்டுத்தலைவன்'. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வேலை முடிந்து வந்து தாங்களே கோப்பை கழுவும் கணவன்மார் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "தலைவா, எங்கடை மனசிலை கிடந்ததைச் சொல்லிப்போட்டியள்!" அவன் புழுகத்தில் தரையில் நடக்கவில்லை. பெண்களும் வந்து கிழி கிழியென்று கிழித்தார்கள். கிழிக்கக் கிழிக்க வாசகர் கூடினார்கள். ஒருமுறை டென்மார்க்கிலிருந்து ஒரு பெண், "உமக்கு உழைச்சுப் போடுறது ஆர்?" என்று கேட்டுவிட்டாள். மூன்று நாள் தலைவன் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள், "தனிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தருவதில்லையெண்டு போடுவமே அண்ணை?" என்று கௌசலாதான் வழி காட்டினாள்.

புகழ் ஒரு பக்கம் இருக்க, வீட்டில் ஒரு பெரிய கவலை இருந்தது. அருந்ததிக்கு இருபத்தொன்பது வயது. செவ்வாய்க் குற்றம். ஐந்து சம்பந்தம் வந்து சாதகத்தோடு திரும்பிப் போய்விட்டது. தங்கச்சியை ஒரு வீட்டில் கொடுக்காமல் தமையன் கட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். கோயிலில் கண்டவர்களெல்லாம் "தங்கச்சிக்கு ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்டுக் கேட்டு அவன் நெஞ்சில் முள்ளுக் குத்தினார்கள். வாய்க்கு வந்ததை எழுதுகிறவன்தான், ஆனால் தங்கச்சியில் உயிரை வைத்திருந்தான்.

2005 சித்திரையில்தான் சூரிச்சிலிருந்து கோகுலன் என்றொரு மாப்பிள்ளையின் சாதகம் வந்தது. அவனுக்கும் செவ்வாய். பொருத்தம் அச்சொட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அருந்ததி பாறூக் நானாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று அவனோடு கதைத்தாள். மூன்று மாதம் கதைத்தாள். இரண்டாம் மாதம், வவுனியா வெயிலுக்குள் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி வந்து அலுமாரிக்குள் வைத்தாள். தேத்தண்ணீருக்கு இரண்டு தரம் சீனி போட்டுவிட்டுத் தனக்குள் சிரித்தாள். மயில்வாகனம் அதைப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போய்ச் சால்வையால் கண்ணைத் துடைத்தான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் கருத்துக்களத்தில் 'புயல்' என்ற பெயரில் எழுதும் பரமரசிகன் ஒருவன் ஆலோசனை கேட்டிருந்தான். கௌசலா வாசித்துக் காட்டினாள். ஊரிலே ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள், நல்ல குணம், கதைத்துப் பார்த்ததில் மனதுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓடுகிறாளாம், இங்கே வந்தாலும் வேலைக்குப் போவேன் என்கிறாளாம். தலைவர் சொல்கிறபடி செய்கிறேன் என்று முடித்திருந்தான்.

கௌசலாவின் விரல் நின்றுவிட்டது.

"அண்ணை, இந்தப் புயல் எந்த நாடெண்டு கேட்டுட்டு எழுதுவமே?"

"எந்த நாடெண்டால் என்ன? கொள்கை எல்லா நாட்டுக்கும் ஒண்டுதான். தட்டும் பிள்ளை."

"மோட்டசைக்கிள் ஓடுற பெட்டை எண்டால்... ஆரெவரெண்டு தெரியாமல்..."

"கண்டறியாத கதை! உம்மட்டை யோசினை கேட்டனானே? தட்டும்."

அவள் தட்டினாள். அன்றைக்கு அவனுக்குச் சன்னதம். "அக்சிலேட்டர் முறுக்கின கை அகப்பை பிடிக்காது தம்பி. இண்டைக்கு வேலை எண்டுவாள், நாளைக்கு உன்னை வேலை வாங்குவாள். மனசு பிடிச்சுப்போச்செண்டு அழாதை, ஆம்பிளை அழமாட்டான். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நிம்மதியாய் இரு." ரொறன்ரோ கைதட்டியது. லண்டன் விசிலடித்தது.

அடுத்த ஞாயிறு கண்ணாடிக் கூட்டுக்குள் போன அருந்ததி பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மோட்டார் சைக்கிளை நிறுத்தவும் மறந்து, இஞ்சினை ஓடவிட்டபடியே வாசல் படலைக்குள் நின்றாள்.

"சரிவராதாம் அண்ணை. இன்டர்நெட்டிலை ஆரோ வீட்டுத்தலைவனாம், பெரிய அறிவாளியாம். அவர் வேண்டாமெண்டு எழுதிப்போட்டாராம்."

மயில்வாகனத்தின் கையில் தேங்காய்ப் பாதி இருந்தது. அது எப்போது விழுந்ததென்று அவனுக்குத் தெரியாது. சேர்ட்டைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு மிதித்தான்.

"தட்டு பிள்ளை! நான் எழுதினதெல்லாம் பிழையெண்டு தட்டு. வேலைக்குப் போற பிள்ளையள் தங்கமெண்டு தட்டு. மோட்டசைக்கிள் ஓடுறதிலை ஒரு குறையுமில்லையெண்டு தட்டு!"

கௌசலா தட்டினாள். பத்து நிமிடத்தில் களம் கொதித்தது. ஒருவரும் நம்பவில்லை. "எங்கடை தலைவரின்ரை பாஸ்வேட்டை ஆரோ பொம்பிளை களவெடுத்துப்போட்டாள்!" என்றான் புயல். "நடையைப் பாத்தாலே விளங்குது, இது பொம்பிளை எழுத்து" என்றது லண்டன். இரண்டு வருடமாகத் தன் வசனத்தைப் புகழ்ந்த சனத்தைப் பார்த்து கௌசலா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்போ அழுகையோ, அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் மயில்வாகனம் கண்ணாடிக் கூட்டுக்குள் புகுந்து சூரிச்சுக்கு அடித்தான்.

"தம்பி கோகுலன், நான் அருந்ததியின்ரை தமையன் கதைக்கிறன். நான்தான் தம்பி வீட்டுத்தலைவன். அது சும்மா எழுதினது. என்ரை தங்கச்சியை விட்டிடாதையும் ராசா..." ஓவென்று அழுதான். வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது.

மறுமுனையில் கோகுலன் மரியாதையாகத்தான் கதைத்தான். "தங்கச்சிக்காகச் சொல்லுறியள், விளங்குது அண்ணை. ஆனா அவரின்ரை பேரைச் சொல்லாதேங்கோ. அவர் இப்பிடி அழுற ஆளில்லை." வைத்துவிட்டான்.

மயில்வாகனம் வீட்டுக்கு வந்தபோது அருந்ததி முற்றத்தில் குந்தியிருந்து மோட்டார் சைக்கிளின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய்க் குந்தினான். எல்லாவற்றையும் சொன்னான், வாய்க்காலிலிருந்து தொடங்கி, இன்றைக்கு அழுததுவரை. அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எழுதினதிலை ஒண்டையாவது நீங்கள் நம்பினனீங்களோ?"

"சத்தியமாய் இல்லை தங்கச்சி. எல்லாம் பகிடிக்கு. ஒரு சொல்லையும் நான் நம்பேல்லை."

அருந்ததி கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"அவர் நம்பினவர் அண்ணை" என்றாள்.