லெட்சுமி அக்கா வைத்த பொட்டு

ரோபோ அந்த டேப்பை மறுபடியும் வெளியே தள்ளியது. திரையில் அதே எரர்: பார்கோடு படிக்க முடியவில்லை. என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணியம் அண்ணனுக்கு எரர் புரியாது. ஆனால் என் முகம் புரிந்துவிட்டது.

"வராதா தங்கச்சி?" என்றார்.

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி. அங்கே கம்ப்யூட்டர் ஃபைல்களை டேப்பில் நகலெடுத்துக் காக்கும் பேக்கப் வேலை என்னுடையது. பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, உள்ளே வரிசையாக டேப்கள், நடுவில் மேலும் கீழும் ஓடும் ஒரு ரோபோ கை. டேப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்து, கேட்ட டேப்பை எடுத்து டிரைவுக்குள் செருகுவது அதன் வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை பேக்கப் ஆள் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. எதையாவது தொலைத்துவிட்டால் நான்தான் குலதெய்வம்.

மணியம் அண்ணன் தொலைத்தது தன் மனைவியின் குரலை. லெட்சுமி அக்கா எங்கள் ரிசப்ஷனிஸ்ட். மதியம் என்னோடு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, தன் பங்கு காரச் சம்பலையும் என் பக்கம் தள்ளிவிடுவார். அலுவலகத்துக்கு யார் போன் அடித்தாலும் முதலில் கேட்பது அவர் பதிவு செய்து வைத்த வரவேற்புதான். அவர் நோயில் போய்ச் சேர்ந்த பிறகும் அது போனில் ஒலித்துக்கொண்டிருந்தது. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் நம்பருக்கு அடித்து, அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, ஆள் எடுப்பதற்குள் வைத்துவிடுவாராம். எங்களுக்குத் தெரியவே தெரியாது. புதிய போன் சிஸ்டம் வந்து, அக்கா குரல் இருந்த சர்வர் பழைய இரும்புக்குப் போன பிறகுதான் ஃபெர்ரி ஏறி நேரில் வந்தார்.

"அடிச்சா இப்ப வேற யாரோ பேசுது தங்கச்சி. அவ குரல் எங்கயாவது இருக்குமா?"

வழக்கமான டேப்களின் மேல் திரும்பத் திரும்ப எழுதிவிட்டோம். மிஞ்சியிருந்தது அலமாரியில் பூட்டி வைத்திருந்த ஆண்டுக் காப்பு டேப் ஒன்றுதான். ரோபோ துப்பிக்கொண்டிருந்தது அதைத்தான்.

எங்கள் தொழிலில் மெஷினைத் திட்டுவதற்கு முன் மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தேன். பெட்டியின் அதே வாசல் வழியாக வேறு டேப்பைக் கொடுத்தேன். கை சமர்த்தாக எடுத்துப் படித்தது. ஆக, குறை மெஷினில் இல்லை. ரோபோ துப்பிய டேப்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். லேபிளின் கறுப்புக் கோடுகள் மேல் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுத பூஜை என்றால் அக்கா கையிலிருந்து கம்ப்யூட்டர், போட்டோகாப்பி மெஷின், ஸ்டேப்ளர் எதுவும் தப்பாது. மெஷின் நன்றாக ஓடினால் சரி என்று எங்கள் சீன முதலாளியும் விட்டுவிடுவார். எழுதி முடித்து, அலமாரிக்குப் போக மேசையில் காத்திருந்த டேப்புக்கும் அக்கா பொட்டு வைத்திருக்கிறார்.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியை எடுத்தேன். அண்ணன் எழுந்து வந்து பார்த்தார்.

"அது அவ வெச்ச பொட்டு."

"ஆமாண்ணே. தொடச்சாத்தான் மெஷின் படிக்கும்."

அவர் குனிந்து பொட்டைப் பார்த்தார். "அவ வெரல் பட்டது இப்படி ஒண்ணும் வீட்டுல மிச்சமில்ல. வேற வழி இருந்தா பாரு தங்கச்சி. இல்லன்னா தொடச்சிரு."

துணியைக் கீழே வைத்தேன். பொட்டுக்குப் பக்கத்தில் லேபிளின் எண் மட்டும் தப்பியிருந்தது. ரோபோவுக்குத் தேவை அந்த எண்தான், அந்தக் காகிதம் இல்லை. அலுவலகப் பிரின்டரில் லேபிள் அடிக்காதே, உள்ளே உரிந்து சிக்கிக்கொள்ளும் என்று எல்லோரையும் கண்டிக்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். அதே எண்ணில் புது லேபிள் ஒன்றை அடித்தேன். பழையதை நகத்தால் ஓரம் ஓரமாக உரித்தேன். சந்தனம் உதிர்ந்துவிடக் கூடாதே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டே உரித்தேன். முழுசாக வந்தது. அதை டேப்பின் காலி உறைக்குள் ஒட்டி அண்ணனிடம் கொடுத்தேன்.

இந்த முறை ரோபோ கை டேப்பை வாங்கிக்கொண்டது. டிரைவ் சுழலும் சத்தம் கேட்டது. பழைய ஃபைல்களுக்குள் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"செலாமாட் டத்தாங், வெல்கம், வணக்கம். கொஞ்சம் இருங்க, இப்ப வந்துடுறேன்."

"சரி லெட்சுமி," என்றார் அண்ணன்.

குரலை அவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன். உறையைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

இப்போது ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைப்பது நான்தான். மதியம் நாசி லெமாக் பிரிக்கும்போது சம்பலை என் பக்கம் தள்ள ஆளில்லை. மனம் அக்காவைத் தேடுகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பொட்டு வையுங்கள், லேபிள் இல்லாத பக்கமாகப் பார்த்து வையுங்கள். லெட்சுமி அக்காவிடம் இதை நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் டேப் முதல் தடவையே ஓடியிருக்கும், அண்ணனுக்குக் குரல் மட்டும்தான் கிடைத்திருக்கும்.