துணியக்காவின் அறை

"வீட்ல எத்தனை பேரு?" என்று யாராவது கேட்டால், "நானும் என் சம்சாரமும்தான். மிச்சமெல்லாம் துணி" என்பார் லிஃப்ட் மெக்கானிக். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை அந்த வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் இவர்கள் படுத்துக்கொள்வார்கள். இன்னொன்றில் மனுஷன் கால் வைக்க இடம் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை துணி, ஜன்னலை மறைத்துத் துணி, கதவுக்குப் பின்னால் சாக்கு சாக்காகத் துணி. மெக்கானிக்கின் மனைவிக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியை இழைத்து ஃபிரேமில் பொருத்துகிற நுணுக்கமான வேலை அது. சாயங்காலமானால் பேட்டை நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைப்பார். குழுவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்குமே அவர் துணியக்கா.

கண்டதையும் சேர்த்து வைக்கிற ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். துணியக்காவின் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. அலசாத துணி அந்த வாசல்படியைத் தாண்டக் கூடாது. அலச முடியாததாக இருந்தால் வெயிலில் போட்டு, பிரம்பால் தட்டி, ஆவி காட்டித்தான் உள்ளே விடுவார். அதற்கு முன் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி. முடி பொசுங்குகிற வாடை வந்தால் கம்பளியோ பட்டோ. உருகிச் சுருண்டு உருண்டையானால் பாலியெஸ்டர், அதை இஸ்திரிப் பெட்டிக்குத் தூரமாக வைக்க வேண்டும். பிறகு நடையின் கோடியில் துணியைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்து, புருஷன் கையில் டார்ச்சைக் கொடுத்து அடிக்கச் சொல்வார். எதிர்க்கோடியில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

"கைக்குப் பக்கத்துல அழகா இருந்தா யாருக்குங்க வேணும்? கடைசி வரிசையில உக்காந்தவன் கண்ணுக்குத் தெரியணும்ல?"

அடுக்குவதும் நிறத்தை வைத்து அல்ல. விழுகிற துணி, நிற்கிற துணி, பறக்கிற துணி என்று மூன்றே பிரிவு. ராணி நடந்தால் விழ வேண்டும், ராஜா நின்றால் நிற்க வேண்டும், ஆவி ஓடினால் பறக்க வேண்டும். ஓட்டல் கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு, மூடிய ஆபீசின் திரைச்சீலை, கிழிந்த குடைத்துணி, சோபா உறை என்று எது வந்தாலும் கையில் தூக்கி ஒரு உதறு உதறுவார். அது எங்கே போக வேண்டும் என்று அந்த உதறலிலேயே தெரிந்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, கண்ணைக் கட்டி அந்த அறைக்குள் விட்டாலும் கேட்ட துணியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிற பெண்மணி அவர்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மெரூன் வெல்வெட் இருந்தது. கல்யாணமான புதிதில், இழுத்து மூடிய ஒரு சினிமா கொட்டகையின் மேடைத் திரையில் ஒரு பாதி. மெக்கானிக்தான் அதை மூட்டையாகக் கட்டித் தோளில் தூக்கிவந்தார், ஒரு வாரம் தும்மினார். அதற்கேற்ற வேஷம் வரட்டும் என்று துணியக்கா எடுத்து வைத்தார். எத்தனையோ நாடகம் வந்தது, போனது. வருஷம் ஒரு தரம் அதைப் பிரிப்பார், தடவுவார், "இதுக்கு இல்ல" என்று திரும்பச் சுருட்டி வைப்பார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்போதுதான் மெக்கானிக்கின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாத அந்த அம்மாளை இனித் தனியாக விடக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா லேசுப்பட்டவர் இல்லை. ஒரு தடவை வந்து அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, சலவைக் கடையிலயா குடித்தனம் பண்றே?" என்று எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டவர்.

மெக்கானிக்குக் கூடப்பிறந்தவளை விட முடியாது. மனைவியிடம் அந்த அறையைக் கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டு நாள் மென்று விழுங்கினார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தே ஆரம்பித்தார்.

"அக்காவ இங்கதான் கூட்டிட்டு வரணும் போல."

"கூட்டிட்டு வாங்க. அண்ணிக்கு வேற யாரு இருக்கா?"

"அதான்... அந்த ரூமு..."

"ஏங்க, எனக்கும் கண்ணு இருக்கு. நம்ம வீட்ல மூணாவது ரூம் முளைக்கவா போகுது?" துணியக்கா கொஞ்ச நேரம் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். "அண்ணிய ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்ப எப்படியும் ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள நம்ம நாடகம் முடிஞ்சிடும். மறுநாள் ரூம் காலியா இருக்கும். ஆனா ஒண்ணு, அதுல ஒரு துண்டக்கூட நான் தூக்கிப் போட மாட்டேன். எல்லாத்தையும் தைச்சே காலி பண்ணுவேன்."

மெக்கானிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நினைத்தது அழுகையோ சண்டையோ. இது இரண்டையும்விட மோசமாக இருந்தது.

நாடகக் குழுவை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். துணிக்கு ஒரு பைசா செலவில்லை என்று தெரிந்ததும் அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு சிப்பாய்கள் ஆறு பேரானார்கள். வசனமே இல்லாத ஊமைச் சேடிகள் புதிதாய் முளைத்தார்கள். "இன்னும் நாலு பிச்சைக்காரங்க போடலாமாக்கா?" என்று கேட்டார். "போடுங்க டாக்டர், பஞ்சமில்ல" என்றார் துணியக்கா.

அடேயப்பா, அந்த மாதம் அந்த வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! சோபா உறை ராஜாவின் அங்கியாகி விறைப்பாக நின்றது. மெத்தைத் துணியின் கோடுகள் சிறைக் காவலர் முதுகில் ஏறின. ஓட்டல் விரிப்பெல்லாம் தேயிலைத் தண்ணீரில் ஊறிப் பிச்சைக்காரர்களுக்குப் போயிற்று. குடைத்துணி ஒற்றனின் முக்காடு, ஆபீஸ் திரைச்சீலை ஆவியின் உடுப்பு. ஜன்னல் தெரிந்தது. பிறகு சுவர் தெரிந்தது. சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்திருந்ததே மெக்கானிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் வெல்வெட் மட்டும் பாக்கி. ராணியின் மேலங்கிக்கு அதை விட்டால் வேறு துணி இல்லை. ராணியாக நடிப்பவர் பேக்கரிக்காரம்மா, நல்ல வாட்டசாட்டமான ஆள். மேலே குறுகி, கீழே அகன்ற ஆறு துண்டுகளுக்குத் துணியக்கா காகித மாதிரி வரைந்தார். ஒவ்வொன்றிலும் அம்புக்குறி போட்டார். வெல்வெட்டைத் தரையில் விரித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"என்னால முடியலங்க. நீங்களே வெட்டிடுங்க. அம்பெல்லாம் ஒரே பக்கம் பாக்கணும், அவ்வளவுதான். நான் நாடக ஹாலுக்குப் போய் மத்தவங்களுக்கு அளவு பாக்கறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மெக்கானிக் விடுவாரா! இதையாவது ஒழுங்காகச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தகடு வெட்டிப் பழகிய கை. குறுகலும் அகலமுமான ஆறு துண்டுகளை ஒரே திசையில் வைத்தால் நடுவில் எத்தனை துணி வீணாகிறது! ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக வைத்தால் கச்சிதமாய் அடங்குகிறதே! அம்புக்குறியாவது ஒன்றாவது. வெட்டினார். மிச்சத் துணியைப் பார்த்துத் தன்னையே மெச்சிக்கொண்டார். நேராக வெட்டியவை ஒரு அடுக்கு, தலைகீழாக வெட்டியவை ஒரு அடுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டு, கையோடு மெஷினில் உட்கார்ந்து, லிஃப்ட் கதவின் தண்டவாளம் மாதிரி நேராகத் தைத்தும் முடித்தார். மடித்து, பையில் போட்டு, ஹாலுக்கு எடுத்துப் போனார்.

பேக்கரிக்காரம்மா அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். விளக்கைப் போட்டார்கள்.

ராணியின் இடது பாதி பளபளவென்று மெரூன். வலது பாதி அடுப்புக்கரி. இரண்டு வேறு வேறு துணியை ஒட்டுப் போட்டது மாதிரி இருந்தது. ஊமைச் சேடி ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. துணியக்கா மேடையேறிப் போய், அங்கியை மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் தடவினார். புருஷனைக் கூப்பிட்டு அவர் உள்ளங்கையையும் பிடித்துத் தடவ வைத்தார். ஒரு துண்டில் கை வழுக்கியது. அடுத்ததில் தடுத்தது.

"பூனை முதுகு மாதிரிங்க இது. முடி ஒரு பக்கமாத்தான் படுக்கும். தலைகீழா வெட்டினா வெளிச்சத்தையே முழுங்கிடும்."

"அம்பு போட்டிருந்தே. நான்தான்... துணி மிச்சமாகுமேன்னு..." இத்தனை வருஷம் கட்டிக்காத்த ஒரே துணி. அறையைப் பிடுங்கியதும் தான், இதைக் கெடுத்ததும் தான் என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. "திட்டேன். வாயத் திறந்து ரெண்டு வார்த்த திட்டிடேன்."

துணியக்கா திட்டவில்லை. அரங்கின் கடைசி வரிசைக்கு நடந்துபோய் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கினார். ஏதோ சொல்ல வந்த பல் டாக்டரைக் கையமர்த்தினார். "கொஞ்சம் திரும்புங்கம்மா" என்றார். பேக்கரிக்காரம்மா திரும்பினார். "இன்னும் கொஞ்சம்."

அப்புறம் எழுந்துவந்து, அங்கியை வாங்கி, மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"மூணு நேரா வெட்டியிருக்கீங்க, மூணு தலைகீழா. வெட்டினது பாதகமில்ல. நேரா இருக்கறதெல்லாம் ஒரு பக்கம், தலைகீழா இருக்கறதெல்லாம் மறுபக்கம்னு சேத்ததுதான் தப்பு. ஒண்ணு விட்டு ஒண்ணு வச்சுத் தைங்க. நீங்களே தைங்க, உங்க கைதான் நேரா போகுது."

நாடகத்தன்று பேக்கரிக்காரம்மா அந்த அங்கியோடு நடந்தபோது மெரூனும் கருப்பும் மாறி மாறி ஓடின. திரும்பினால் இருட்டு ஒளியாயிற்று, ஒளி இருட்டாயிற்று. துணியே மூச்சு விடுவதுபோல் இருந்தது. வெட்டியதில் மிஞ்சிய துணிதான் ராணியின் கழுத்துப்பட்டை. பக்கத்திலிருந்த யாரோ, "இந்தத் துணிய எங்க வாங்கினாங்களாம்?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தால் மெக்கானிக் அழுதுவிடுவார்.

மறுநாள் உடுப்புகளெல்லாம் குழுவின் பெட்டிகளுக்குப் போய்விட்டன. அறை காலி. நடுவில் நின்று துணியக்கா கைதட்டிப் பார்த்தார், எதிரொலி கேட்டது. "பெரிய ரூம்தாங்க இது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மெக்கானிக்கால்தான் தாங்க முடியவில்லை.

இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் தாழ்ந்து உட்காரக் கூடாது, கட்டில் உயரமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மெக்கானிக் தானே இரும்புக் குழாய் வாங்கி வெல்டிங் அடித்தார். அடியில் சாமான் வைக்கத் தோதாக, குறுக்குக் கம்பி இல்லாமல், பக்கவாட்டில் மட்டும் தாங்கு கொடுத்து அடித்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா ஒரு பெரிய பெட்டியும் ஒரு சின்னப் பெட்டியுமாக வந்தார். கைத்தாங்கலாகக் கட்டிலில் உட்கார்ந்தார். நீலச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கம்மா உன் சரக்கெல்லாம்?"

"தைச்சுட்டேன் அண்ணி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

எட்டு வீட்டுக்குக் கேட்கும் அக்காவின் அந்தக் குரல் எங்கே போயிற்றோ. மெல்ல, "தம்பி, அந்தச் சின்னப் பெட்டியத் திற" என்றார்.

உள்ளே ஒரு கனத்த கம்பளிக் கோட்டு மடித்து வைத்திருந்தது. அக்கா வீட்டுக்காரர் குளிர்காலமெல்லாம் போட்டுக்கொண்டிருந்தது. மாமா போனபிறகு அதைத் தொட அக்கா யாரையும் விட்டதில்லை. அலமாரியைச் சுத்தம் பண்ணப் போய் மெக்கானிக்கே ஒருதரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"அகலமான மனுஷன். நிறைய துணி இருக்கும் அதுல" என்றார் அக்கா. "கட்டிலுக்குக் கீழ இவ்வளவு இடத்த எனக்காகவா விட்டிருக்கான் இவன்? என் தம்பிய எனக்குத் தெரியாதா? இந்தா, இதுல ஆரம்பி. ஆனா நல்லவன் வேஷத்துக்குத்தான் குடுக்கணும். திருடன், குடிகாரனுக்கெல்லாம் போட்டுவிட்டே, தொலைச்சுடுவேன்."

துணியக்கா கோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கனம் பார்த்தார். உதறவில்லை. முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். புகையிலையும் சவரச் சோப்பும் கலந்த மாமாவின் வாசனை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதில் இருந்தது. மெக்கானிக்குக்கூட எட்டி நின்றபடியே தெரிந்தது.

பழக்கத்தில் மெக்கானிக் தீப்பெட்டியை எடுத்தார். பிரம்பைத் தேடி மாடிக்குக் கிளம்பினார்.

"ஒண்ணும் வேணாங்க" என்றார் துணியக்கா.

வெயிலில் போடவில்லை, தட்டவில்லை, ஆவியும் காட்டவில்லை. மடிப்புக் கலையாமல் கட்டிலுக்கு அடியில், அக்காவின் தலைமாட்டுப் பக்கமாக அதை வைத்தார்.