அளந்து போட்ட அரிசி

நான் பிறந்த ஊரில் ஆறு என்றால் மணல். பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் வேண்டுமானால் மணலில் முழங்கை ஆழம் தோண்டி, ஊறி வரும்வரை குந்தியிருக்க வேண்டும். கலியாணமாகி, இரண்டு நாள் ரயிலிலும் ஒரு பகல் மாட்டுவண்டியிலும் குலுங்கித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது தாமிரபரணிதான். அது சித்திரை மாதம். சித்திரையில் ஓர் ஆறு இப்படி ஓடுவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, யாரோ மடையைத் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு ஐந்தாறு வருஷம் முந்தி இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என் வீட்டுக்காரர் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு உபதேசியார்; ஆராதனையும் பிரசங்கமும் அவர் பொறுப்பு. ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரும் அவரே. அவருக்கு இந்தச் சீமைதான் பூர்வீகம். ஆனால் சிறு வயதிலேயே தாயை இழந்து, மிஷன் போர்டிங்கில் வளர்ந்து, சென்னப்பட்டணத்தில் படித்து, எங்கள் பக்கம் வேலைக்கு வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டவர். ஆகையால் ஊர் அவருக்குச் சொந்தம் என்றாலும், ஒரு வீடு எப்படி நடக்கிறது என்பதில் அவரும் என்னைப்போல அந்நியர்தான். அது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

முதல் சில மாதங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால், எதிரே வருகிறவள் எல்லாம், "ஆத்துக்கா?" என்று கேட்பாள். குடத்தோடு கடைக்கா போவார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும். கோயிலில் பாயில் உட்கார்ந்தால், "கொஞ்சம் வடக்க நகந்து உக்காருங்கம்மா" என்பார்கள். நாலு சுவருக்குள் வடக்கு எது, தெற்கு எது என்று யாருக்குத் தெரியும்? நான் ஏதாவது ஒரு பக்கம் நகர்வேன். அது எப்போதும் தப்பான பக்கமாக இருக்கும். வாய் தவறி, எங்கள் ஊர்ப் பேச்சில், 'என்ன' என்பதற்கு "இன்னா" என்று சொல்லிவிட்டால் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு முணுக்கென்று கோபம் வரும். கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என் பிறவிக் குணம். அதை மறைக்க எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஊரில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. கோயிலுக்குப் பின்னாலிருந்த ஓலைக் கொட்டகையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு தொடங்கியிருந்தேன். பதினொரு பிள்ளைகள். வீடு வீடாகப் போய்ப் பேசி அனுப்பிவைத்தவர் என் வீட்டுக்காரர். சேர்ந்த பிள்ளைகளைத் தக்கவைத்தது நான். காலையில் அந்தப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்ததும் என் குழப்பமெல்லாம் எங்கேயோ போய்விடும். அங்கே நான் சொன்னதுதான் வடக்கு. கார்த்திகைக் கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து, மிஷன் பள்ளிகளை மேற்பார்க்கும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் வந்து வகுப்பைப் பார்ப்பதாக இருந்தது. பிள்ளைகள் இருந்தால் வகுப்பு நிலைக்கும், இல்லையென்றால் மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் அந்த ஊரில் சோறு பொங்குவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

இனிப் பானை விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் குடிவந்த வாரமே சபைப் பெண்கள் இரண்டு பேர் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்பானையை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி உயரமானவள், மூத்தவள், பேச்செல்லாம் அவளுடையது. "ஒல வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து இதுல போடுங்கம்மா. சனிக்கிழம வந்து வாங்கிக்கிடுவோம்" என்றாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அரிசியை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, "இந்த வாரம் மேலத்தெரு முக்கு வீடும்மா", "இந்த வாரம் பனையடி வீடும்மா" என்று ஏதாவது ஒரு வீட்டைச் சொல்லிவிட்டுப் போவாள். கோயிலைக் கூட்டிப் பெருக்கும் முறை யாருக்கு என்பதைச் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடுமே!

எங்கள் ஊர்ச் சபையிலும் அரிசிக் காணிக்கை உண்டு. மாதம் ஒருமுறை படியால் அளந்து, துணியில் முடிந்து கொண்டுபோய்க் கோயிலில் வைப்போம். இந்த ஊர்ப் பிடிக் கணக்கு எனக்குப் படியவில்லை. ஒரு வேளை நினைவிருக்கும், மறுவேளை மறந்துபோகும். ஆகையால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை காலையில், அவர்கள் வருவதற்கு முன்னால், நல்ல வெள்ளை அரிசியாகப் பார்த்து அரைப்படி அளந்து பானையில் கொட்டிவிடுவேன். வேறெந்த வீட்டிலும் அவ்வளவு சேராது. உபதேசியார் வீட்டுக் கை தாராளம் என்று ஊர் பேசும் என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மாதக் கணக்கில் இப்படியே போயிற்று. உயரமானவள் பானைக்குள் கையை விட்டு அரிசியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாள். மற்றவளைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். புதுசாக வந்தவள், போகப்போகத் தெரிந்துகொள்வாள் என்று பொறுத்திருக்கிறார்கள் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை, "இந்த வாரம் கிணத்தடி வீடும்மா" என்று அவள் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனாள். கிணற்றடி வீடு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீடு. எட்டு வயது, வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் நாலைந்து நாளாக வரவில்லை. காய்ச்சல் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். மழைக்காலத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டு நான் பாடத்தை நடத்தினேன். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல அரைப்படி அளந்து கொட்டினேன்.

திங்கட்கிழமை மூன்று பிள்ளைகள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு குறைந்தது. ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்திக்குத் தம்பியைப் பார்க்கவேண்டும், ஒருத்தி ஊருக்குப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் முடிவதற்குள் கொட்டகையில் நானும் பாயும்தான். வயிற்றுவலிக்காரி தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் பேச்சா? நான் ஒரு பிள்ளையின் காதைத் திருகினேனே, அதுவா? சேலை கட்டும் விதமா? ஆற்றுக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." இந்த "ஒண்ணுமில்ல"வைவிட இரண்டு அறை வாங்குவது மேல். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மழைன்னு அனுப்பாம இருப்பாங்க" என்றார். ஆண்பிள்ளைகளுக்கு மழை பெய்யவில்லையா என்று கத்தினேன். அன்றைக்கே என் தகரப் பெட்டியை இறக்கிச் சேலைகளை அடுக்கினேன். எங்கள் ஊருக்குப் போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை, பாவம், எந்த ரயிலில் எங்கே ஏறி எங்கே மாறவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போகவேண்டும் என்றும் இருந்தது; பதினொரு பிள்ளைகளும் ஏன் வரவில்லை என்று தெரியாமல் போகக்கூடாது என்றும் இருந்தது.

மிஸ்ஸியம்மாள் வர இன்னும் பத்து நாள்தான். ஒரு காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் படிகளை மூடிக்கொண்டு போயிற்று. படித்துறையில் கிணற்றடி வீட்டுக்காரி தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையின் தாய். நான் நேரே போய் நின்று, "எல்லாரும் என்னை ஒதுக்குகிறீர்கள். ஏன் என்று நீங்களாவது சொல்லுங்கள். இன்று தெரியாமல் நான் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்து கல்லில் வைத்தாள். "ஒங்க வீட்டு அரிசியப் பாத்தோம்" என்றாள்.

"அரிசிக்கு என்ன? கல் கிடந்ததா?"

"கல்லு கெடந்தாப் பரவால்லியே. ஒரே வெள்ளையா இருந்துச்சு. நாங்க ஒல வைக்கிற வேளைக்கு ஒரு பிடி போடுதோம். ஒரு நாளு சம்பா, ஒரு நாளு நொய்யி, ஒரு நாளு கூலிக்கு அளந்த செவப்பரிசி. எந்த வீட்டுப் பானையப் பாத்தாலும் ஏழு நாளும் தெரியும். ஒங்க பானையில ஒரு நாளுதான் தெரிஞ்சுது."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவளே சொன்னாள். ஊரில் எந்த வீட்டில் நோயோ கஷ்டமோ, அந்த வீட்டைத்தான் அந்த வாரத்துக்குச் சொல்லுவார்கள். எல்லா அடுப்பிலும் ஒவ்வொரு பிடியையும் அந்த வீட்டை நினைத்து, ஒரு வாக்கு செபம் சொல்லித்தான் போடவேண்டும். சனிக்கிழமை சேருகிற அரிசி கஞ்சிக்காக அந்த வீட்டுக்கே போய்விடும்.

"எம் பிள்ள பிழைப்பாளா மாட்டாளான்னு கெடந்தா. ஊரு பூரா வேளா வேளைக்கு அவளச் சொல்லிப் பிடி போட்டாவ. அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற ஒங்க வீட்டுல, ஏழு நாளுல ஒரு வேளகூடவா அவ நெனப்பு வரல?"

நினைத்தேன் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் நினைக்கவில்லை. ஆஜர்ப் புத்தகத்தில் அவள் பேருக்கு எதிரே கோடு போட்டேன், அவ்வளவுதான். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "மற்ற எல்லாரையும்விட நான் அதிகம்தானே போட்டேன்? அரைப்படி!" என்றேன்.

"அளந்தது தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டு அவள் துணிகளை அள்ளிக்கொண்டு படியேறினாள். பிள்ளையை நினைக்காதவளிடம் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அவள் சொல்லவில்லை. அதை நானே வீடுவரை சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். இது உங்களுக்குத் தெரியாதா என்றேன். "அடுப்பங்கரைச் சங்கதி எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணத் தெரிகிறதே என்று கேட்டேன். 

இரண்டு நாள் எனக்குள்ளேயே வழக்காடிக் கொண்டிருந்தேன். ஆண்டவர் பிடியை எண்ணிக்கொண்டா இருக்கிறார்? படியில் அளந்தால் அவருக்குப் பிடிக்காதா? எங்கள் ஊரில் நாங்கள் கொடுத்ததெல்லாம் வீணா? அவர்கள் செய்வது சரி என்று தோன்றும்; உடனே, சொல்லாமல் ஒதுக்கியது மட்டும் சரியா என்று கோபம் வரும். இன்றைக்கும் எனக்கு இதில் ஒரு முடிவு இல்லை. அந்த வாரம் சொல்லியிருந்தது ஒரு கிழவரின் வீடு. என்னைப் பார்த்தால் முகம் திருப்புகிற வீடு. ஆனாலும் மூன்றாம் நாள் காலை ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வார்த்தை வரவில்லை. "அந்தக் கிழவருக்கு இருமல் நிற்கட்டும்" என்று கடுகடுவென்று சொல்லிப் போட்டேன். செபம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

மாலையில் மறந்துபோனேன். அரிசியைக் கழுவி உலையில் கொட்டப்போகும்போதுதான் நினைவு வந்தது. அடடா என்று கழுவின அரிசியிலிருந்தே ஒரு பிடி ஈரத்தோடு எடுத்துப் பானையில் போட்டேன். மறுநாளும் அப்படியே. சனிக்கிழமை வருவதற்குள் பானை புளித்த வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. கொட்டிவிட்டு வெள்ளை அரிசியால் நிரப்பிவிடலாமா என்று படியைக் கையில்கூட எடுத்தேன். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

உயரமானவள் பானைக்குள் கையை விட்டாள். முகம் சுளித்தாள். கையை வெளியே எடுத்து, விரலில் ஒட்டியிருந்த ஊறின அரிசியைப் பார்த்தாள். "மறந்துட்டு, கழுவுன பொறவு அள்ளிப் போட்டியளோ?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கூட வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது; கோபம் வந்தது; எந்த நேரத்தில் நானும் சிரிக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அந்த அரிசியை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முறத்தில் பரப்பி, வெயில் வந்தால் காயவைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துப் போனார்கள்.

திங்கட்கிழமை கொட்டகையில் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வகுப்பு பிழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை வந்த மிஸ்ஸியம்மாள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, திருப்தியாகத்தான் போனாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையே, பாடம் பாதியில் இருக்கும்போது, கிணற்றடி வீட்டுக்காரி வந்தாள். ஒரு கையில் அந்தப் பிள்ளை. கண் பள்ளத்தில் கிடந்தது; கழுத்து குச்சியாக இருந்தது. தாய் உள்ளே வரவில்லை. கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படியே சொன்னாள்: "எனக்கு ஒங்க மேல உள்ள கோவம் இன்னும் தீரல. தீரவும் நாளாகும். அது எங்கூட இருக்கட்டும். இவ படிக்கட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் கோபம் உள்ளவள் வாசல்படி மிதிக்கமாட்டாள். வாசல்படி மிதித்தால் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இது என்ன வகை என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாருக்கேன்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் பாக்க வந்தாவ. நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள்.

 "உன் வீட்டுக்கு எனக்கு வழி தெரியாதே" என்றேன். கிணற்றடி வீடு கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மட்டும் நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். ஊருக்குப் புதியவள், வழி தெரியவில்லை. அதில் என்ன அதிசயம்?

"சாயங்காலம் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

சாயங்காலம் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இங்கன கல்லு கெடக்கு, பைய வாங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தாய் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலைப்படியை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றாள், நான் உள்ளே போகிற அளவுக்கு.