பட்னி துறையின் சந்தேகப் பிராணி

"தண்ணி கலந்தியா?" என்று கேட்காமல் நோவா பிக்கெட் என் கடையில் ஒரு வாய் பீர் குடித்ததில்லை. கடை போட்ட நாளாகக் கேட்கிறார். எனக்கும் பழகிவிட்டது.

எதிரே தேம்ஸ் கரையில் கனவான்களின் படகு கிளப்புக்கு அவர்தான் படகுக்காரர். கூலிக்குத் துடுப்புப் பிடித்தவன் கனவான்களோடு போட்டியில் இறங்கக் கூடாது என்பது விதி. எவனாவது வேஷம் போட்டு நுழைந்தால் மோப்பம் பிடிக்கிற வேலையை நோவா தானாகவே எடுத்துக்கொண்டார். புதிதாக வருகிறவனிடம் கயிற்றை நீட்டி, "கொஞ்சம் கட்டுங்க சார்" என்பார். பார்க்காமலே கட்டிவிட்டால் ஆள் தொலைந்தான். போன வருடம் ஒரு வக்கீல் குமாஸ்தா, துடுப்பைத் தொடுமுன் உள்ளங்கையில் எச்சில் துப்பினான். "கையில துப்புற கனவான் எந்த ஊர்ல சார் இருக்கான்?" என்று செயலாளர் ஆக்லண்டிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். பாவம், அன்றே பெட்டியைக் கட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த 1908-இல் அவருடைய மகன் வால்ட்டரே கிளப்பின் கோப்பைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். வங்கி வேலை, கஞ்சி போட்ட காலர். கோப்பை அவனுக்குத்தான் என்று ஊரே பேசியது. ஆக்லண்ட் என் கடை வாசலில் நோவாவை மடக்கினார்.

"ஏம்பா, உன் பையன் எப்பவாச்சும் கூலிக்குப் படகு ஓட்டியிருக்கானா?"

"கூலிக்குன்னு ஆத்துப் பக்கமே விட்டதில்ல சார்."

பச்சைப் பொய்! ஆற்றில் சற்று மேலே, ஹேமர்ஸ்மித்தில் மாமன் படகில் இரண்டு கோடை கூலிக்கு ஆள் ஏற்றினான். என்னையே அக்கரை சேர்த்திருக்கிறான். நோவா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாயைத் திறந்தால் கொன்றுவிடுவார் போலிருந்தது. நான் குவளை கழுவப் போய்விட்டேன்.

சனிக்கிழமை அரையிறுதியில் வால்ட்டர் ஜெயித்தான். கரையேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஆக்லண்டின் மனைவி வந்த சிறு படகு துறையில் முட்டியது. மடையன், யோசிக்கவே இல்லை. ஒரு காலால் படகின் விளிம்பை மிதித்து ஆடாமல் நிறுத்தி, முழங்கையை நீட்டி, "பார்த்துங்கம்மா, நடுவுல கால வைங்க" என்றான். நாளெல்லாம் ஆள் இறக்கிய படகோட்டிக்குத்தான் அந்தக் கால் தானாகப் போகும். ஆக்லண்ட் அந்தக் காலையே உற்றுப் பார்த்தார்.

நோவா ஓடிவந்து மகனுக்குக் குறுக்கே புகுந்தார். "தள்ளுங்க சார்! எங்க வேலைய நீங்க செஞ்சா நாங்க எதுக்கு இருக்கோம்?"

சொல்லிக்கொண்டே தன் காலை விளிம்பில் வைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பெற்ற மகன் தன்னைக் கடந்து போகும்வரை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.