அவளை ஆடவிடாத நாள்

சில வருடங்களுக்கு முன், சித்தூரில் இன்டர் இரண்டாம் ஆண்டு, அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணிக்கு என்னை கேப்டனாகப் போட்டார்கள். என்னைவிட நன்றாக ஆடுகிறவள் என் தோழி. ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். ஆனால் அவள் கோபக்காரி என்று பி.இ.டி. சார் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அவள் அதற்காக முகம் சுளிக்கவில்லை. "நீ கத்திக்கினு இரு, நான் ஆடிக்கினு இருக்கேன்" என்று சிரித்தாள்.

திருப்பதியில் போட்டி. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் பாட்டும் கூச்சலுமாக வர, அவள் மட்டும் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்திருந்தாள். சந்திரகிரி அருகே ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"நேத்து பிராக்டீஸ்ல விழுந்தேன் இல்ல, அதிலேருந்து தலை கனமா கீது. ராத்திரி துன்னதும் வந்துடுச்சு" என்றவள், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார்கிட்ட சொல்லாதடி. இந்த வருசத்தோட ஆட்டத்த நிறுத்துன்னு எங்க நைனா சொல்லிட்டாரு. மாவட்ட டீம்ல எடுத்துட்டா ஒன்னும் சொல்ல மாட்டாரு."

திருப்பதி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மைதானத்தில் உடம்பைச் சூடாக்க ஓடும்போது அவள் லேசாகத் தள்ளாடினாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"நான் சார்கிட்ட சொல்லப் போறேன்."

"சொன்னா என்கூடப் பேசாத."

சொல்லிவிட்டேன். கூட வந்த மேடம் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் தோற்றோம். "ஆடறவள அனுப்பிட்டா எப்டி ஜெயிக்கிறது" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மேடத்திடமிருந்து போன் வந்தது. ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வு எடுத்தால் போதுமாம். அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, ஏதாவது இருந்திருந்தால் நான் செய்தது சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்களே என்றும் தோன்றியது. அப்படி நினைத்ததற்குக் கூசிப்போனேன். அழுதுகொண்டிருந்த அணியை விட்டு கேப்டன் நகரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உண்மையில், அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

அவள் அப்பா வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே அழைத்துப்போனார். அதன்பின் அவள் கபடி ஆடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

போன வருடம் திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே அவளைப் பார்த்தேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலையாம். கம்பெனிச் சீருடையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன்.

"நீ சொன்னது தப்பில்லடி" என்று அவளே ஆரம்பித்தாள். "அன்னிக்கு ஆடாததே நல்லதுன்னு டாக்டரும் சொன்னாரு. ஆனா மேட்ச் முடிஞ்சதும் நீ வருவேன்னு ஆஸ்பத்திரில கதவையே பாத்துக்கினு இருந்தேன்."

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். போன் நம்பர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாரிடம் சொன்னதற்காக நான் வருந்தியதில்லை. சொன்னதோடு என் பொறுப்பு முடிந்தது என்று மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.