முன்வாசலுக்கு வந்த அடுப்பு

இல்லாத பானையை இல்லாத கரித்துணியால் பிடித்துக் கவிழ்த்து, சூசைமுத்து சோறு வடித்துக்கொண்டிருந்தார். குத்துக்காலிட்ட நெட்டை உடம்பு, காதில் சொருகிய பென்சில், ஆவி அடித்ததுபோல் ஒரு பக்கமாகத் திருப்பிய முகம். சுற்றிலும் சுவர் இல்லை, கூரை இல்லை. மட்டப்படுத்திய செம்மண் தரையும் மூலைக்கொன்றாக நட்ட கம்புகளும்தான் இருந்தன. எதிரே நின்ற கலாவதி, ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த களைப்பையும் மறந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிச்சாப் போதுமா? கஞ்சித்தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு. இப்ப நீ உக்காந்து வடி.”

“இங்கதான் ஒண்ணுமே இல்லியே, சூசண்ணே.”

“ஒண்ணும் இல்லாதப்பவே வடிச்சுப் பாத்துடணும்லா. சுவரு வந்தப்புறம் முழங்கைய இடிச்சுக்கிட்டு என்னையத்தான் ஏசுவ.”

கலாவதி கூச்சத்தோடு உட்கார்ந்து வடித்தாள். அவள் முழங்கை எதுவரை போகிறது, எந்தப் பக்கம் சாய்கிறாள், தண்ணீருக்கு எங்கே கை நீட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டே, சூசைமுத்து ஒரு பால் டின்னைச் சாய்த்துத் தரையில் சாம்பல் கோடு போட்டார். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடையில் டின் பால் வாங்கினால், கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார். முழு டின் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குப் போய்விடக் கூடாது என்பது சட்டம். அந்த ஓட்டை வழியாகச் சாம்பல் மெல்லிய கோடாக இறங்கியது. “இந்த அவசரகாலத்துல எனக்குன்னு அரசாங்கம் செஞ்ச ஒரே உதவி இந்த ஓட்டைதான்” என்பார் சூசைமுத்து.

அந்தத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் முன்பு ரப்பர் காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. அவற்றையெல்லாம் பிரித்து, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கட்டி, சுற்றி முள்கம்பி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. முன்னால் அஞ்சடி என்கிற தாழ்வாரம், ஒரு கூடம், உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி என்று எல்லா வீடும் ஒரே அச்சு. அடுப்படியின் உள்வேலையை மட்டும் தச்சனே பார்த்துக்கொள்ளட்டும் என்று துரை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். தன்னை யாரோ பிஷப்பாக்கிவிட்ட மாதிரி சூசைமுத்து அதை எடுத்துக்கொண்டார்.

அடுப்பு, தண்ணீர், அம்மி என்று மூன்று இடங்கள். ஒருத்தி எழுந்திருக்காமல் மூன்றையும் எட்ட வேண்டும். அவருடைய படிப்பு மொத்தமும் இவ்வளவுதான். “விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு ஓடிப் பேரு குடுக்கற பொம்பளைக்குச் சமையக்கட்டு பெருசா இருந்தா அது தண்டனை. நடக்கறதெல்லாம் தூக்கத்துலேருந்து திருடுன நேரம்” என்று பெண்களிடம் விளக்குவார். விளக்கி முடித்த கையோடு, “எனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. தெரியாதவன்தான இவ்வளவு பேசுவான்” என்று தானே போட்டு உடைப்பார்.

அடுத்தவர் கேலி செய்வதற்குள் தன்னைத் தானே கேலி செய்துகொள்வது சூசைமுத்துவின் பழக்கம். அவர் வைத்த நிலைப்படியில் அவரே தலையை இடித்துக்கொள்வார். “அளந்தவனும் நான், இடிச்சுக்கறவனும் நான். வேற யாரு மேல கேஸ் போடறது?” என்று நெற்றியைத் தேய்ப்பார். காதில் பென்சிலை வைத்துக்கொண்டு தோட்டம் பூராவும் பென்சில் தேடுவார். இடக்கைக்காரர் என்பதால் சுத்தியல் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் அடுத்தவர் சிரிப்பு அவ்வளவாக வலிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு.

சிரித்துத் தள்ள முடியாத விஷயம் ஒன்று அவருக்கு இருந்தது. அது அவர் மனைவி யூஜினியாவின் இருமல். பழைய லயத்து அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. மழைக்காலத்தில் ஈர ரப்பர் விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். கண்கள் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் இருமுவதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷமும் சாப்பிட்டிருக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சிவானந்தம் ஒருநாள் மருந்துப் புட்டியை நீட்டிக்கொண்டே, “இந்தப் புகையிலயே உக்காந்திருந்தா அந்தம்மா வெட்டுக்குப் போக முடியாது, எந்த வேலைக்கும் போக முடியாது. ஒரு ஜன்னல் வை. நீ தச்சன்தானே?” என்றார். அந்தக் கடைசிக் கேள்வி சூசைமுத்துவைத் தைத்துவிட்டது. ஜன்னல் வைத்துத் தருவதாக அன்றைக்கே யூஜினியாவுக்கு வாக்குக் கொடுத்தார்.

அதனால்தான் புது லயத்தில் வீடு பிரித்துக் கொடுத்தபோது, வெட்கத்தை விட்டு முதல் ஆளாகக் கை நீட்டி, மூலை வீட்டைக் கேட்டு வாங்கினார். ஆற்றுப் பக்கத்துக் காற்று நேராக அதன் பின்சுவரில்தான் மோதும். பலகை அடித்து முடித்தபின் முள்கம்பி வந்தது. அந்த மூலையில்தான் அது வளைந்து, வீட்டின் பின்புறத்தையும் பக்கவாட்டையும் ஒட்டிக்கொண்டு போனது. அடுத்த நாள் மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் ஒருவர் வந்து, மரியாதையாகவே சொன்னார்: கம்பியை ஒட்டிய சுவரில் ஜன்னலோ கதவோ இருக்கக் கூடாது, அது வழியாகச் சாப்பாடு வெளியே போகும். மற்ற வீடுகளின் பின்புறம் கம்பிக்கு வெகுதூரம் உள்ளே இருந்ததால் அவர்களுக்குத் தொல்லை இல்லை. தகரக் கூரையைக் கிளப்பிப் புகைபோக்கி வைக்கலாமென்றால், கூரையில் கை வைக்கக் கூடாது என்றது ஆபீஸ். வேறு வீடு கேட்கவும் வாய் வரவில்லை. முந்திக்கொண்டு கை நீட்டியவரே அவர்தானே.

“அருமையான எடமாத்தான் புடிச்சிருக்கேன். காத்து நல்லா வருது, கம்பி வரைக்கும்” என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

யூஜினியா அப்போது ஊரில் இல்லை. தங்கைக்குப் பிரசவம் என்று தோட்டத்தை விட்டு வெளியே போகப் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு பாசிர் பெனம்பாங்குக்குப் போயிருந்தாள். தனியாக உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சூசைமுத்துவுக்கு யோசனை ஒன்று உதித்தது. பின்னால்தானே ஜன்னல் கூடாது? வீட்டையே திருப்பிவிட்டால் என்ன? மறுநாளே கூடத்தை அடுப்படியாக்கினார். கூடத்தில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பின்னால் கொண்டுபோனார். முன்சுவரில் அகலமாகப் பலகையை அறுத்து, மேலே கீல் வைத்து, தூக்கி முட்டுக்கொடுக்கிற ஜன்னல் போட்டார். முட்டுக்குச்சியை மட்டும் சீவிச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, அரை நாள் இழைத்தார்.

அடுப்பின் இடத்தைக் குறிக்க ஒருத்தி சமைத்துக் காட்ட வேண்டுமே? யூஜினியாதான் இல்லையே, அவரே யூஜினியாவாக உட்கார்ந்து வடித்தார். இத்தனை காலம் அவள் கைச் சோற்றைத் தின்றவனுக்கு அவள் எப்படிச் சமைப்பாள் என்று தெரியாதா என்ன? சாம்பல் கோடு போட்டு, அடுப்பைப் பூசி, அம்மியை வைத்து, தண்ணீர்ப் பானைக்குத் திட்டும் கட்டிவிட்டு, அவள் வருகிற லோரிக்காகக் காத்திருந்தார்.

யூஜினியா மூட்டையோடு வாசலில் நின்று, கூடத்துச் சுவர்களைக் கண்ணால் துழாவினாள்.

“மாதா எங்க?”

“உள்ள. அங்க காத்து கெடையாது. மெழுகுவர்த்தி அணையாது பாரு.”

“வாசல்ல அடுப்ப வச்சிருக்கீங்க?”

“பொகை பூரா வெளிய போயிடும். நீ இரும வேண்டியதில்ல.”

அவள் திரும்பி எதிரே பார்த்தாள். கேட்டுக்குப் போகிற பாதை அந்த வீட்டுக்கு முன்னால்தான் போகிறது. டவுனுக்குப் போகிற சனம் முழுவதும், போலீஸ்காரர் மடியைத் தடவிப் பார்த்து வெளியே விடும்வரை, அங்கேதான் வரிசையில் நிற்கும்.

“எஞ் சட்டியில என்ன வேகுதுன்னு தோட்டமே நின்னு பாக்கணுமா? நாம என்ன சாப்பாட்டுக் கடையா வச்சிருக்கோம்?” பிறகு அடுப்பின் முன் உட்கார்ந்து தண்ணீருக்குக் கை நீட்டினாள். கை வெறும் பலகையில் பட்டது. திட்டு மறுபக்கம் இருந்தது. “இது நொட்டாங்கைக்காரங்களுக்குக் கட்டுன அடுப்பு. ஊர்ல உள்ளவளையெல்லாம் கூப்பிட்டு, சமைச்சுக் காட்டு, சமைச்சுக் காட்டுன்னு நின்னீங்களே, எனக்காக நாலு நாள் காத்திருந்தா என்னவாம்?”

“நானே உக்காந்து வடிச்சுப் பாத்தேன், ஜினியா.”

“அப்ப நீங்களே பொங்குங்க” என்றாள். ஜன்னலை மூடினாள். பின்னால் மாதா படத்துக்குக் கீழே செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். பழைய லயத்து இருமல் புது வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

செய்தி தோட்டம் முழுக்கப் பரவ ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லன் வாசலில் நின்று, “மச்சான், உங்க வீட்டுக்கு வந்தா செருப்ப எங்க கழட்டறது, அடுப்புலயா?” என்றான்.

“அடுப்புலயே போடு, மாப்ள. வெறகு மிச்சம்” என்றார் சூசைமுத்து. வேலைக்குப் போன இடமெல்லாம், தான் வீட்டைத் தலைகீழாக்கிய கதையைத் தானே நடித்துக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு சாயங்காலம் குழாயடி வழியாக வந்தவர், குடத்தோடு நின்ற நல்லம்மாள் என்பவள் யூஜினியாவிடம் கேட்பதைக் கேட்டுவிட்டார். “என்னக்கா, வந்தவங்களுக்கு மொதல்ல மாதாவக் காட்டுவீங்களா, மொளகாத்தூளக் காட்டுவீங்களா?” கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். சொன்ன வார்த்தைகள் சூசைமுத்துவுடையவை. இரண்டு நாளைக்கு முன் அவரே செல்லனிடம் சொல்லிச் சிரித்தவை. யூஜினியா குடம் நிரம்புவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு, கூட்டம் கலைந்த பின்தான் அவள் தண்ணீருக்குப் போவதை அவர் கவனித்தார். தன்னைத் தானே கேலி செய்கிறோம் என்று நினைத்திருந்தார். அது அவள் தலையில்தான் விடிந்திருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லிக்கொள்ள ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிற கூட்டம் வீட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றது. சூசைமுத்து அம்மியைப் புரட்டிப் புரட்டி வாசற்படிக்கு நேராகக் கொண்டுவந்தார். காய்ந்த மிளகாயும் மல்லியும் அள்ளி வைத்து, கால்களை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, இடக்கையை ஊன்றி அரைக்கத் தொடங்கினார். ஆம்பிளை ஒருத்தன் வாசலில் உட்கார்ந்து மசாலா அரைப்பதை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. மல்லி தெறித்துப் பாதையில் விழுந்தது. மிளகாய் நெடி ஏறித் தும்மினார், கண்ணைத் துடைக்கப்போய்க் கண்ணிலும் பூசிக்கொண்டார். வரிசை முழுதும் சிரித்தது. கேட்டிலிருந்த போலீஸ்காரரும் எட்டிப் பார்த்தார்.

“என்ன மச்சான், அக்கா ஊர்ல இல்லியா?” என்றான் செல்லன்.

“இருக்கா. இது என் கைக்குக் கட்டுன சமையக்கட்டு, அதான் நான் அரைக்கிறேன். எல்லாரும் என்னைய நல்லாப் பாத்துக்கங்க.” கண்ணைத் திறக்க முடியாமலே சொன்னார். “வாரா வாரம் அரைப்பேன். வீட்டத் திருப்புனது நான். சிரிக்கிறதுன்னா இந்தப் பக்கம் பாத்துச் சிரிங்க, அவளப் பாத்து வேணாம்.”

கடைசி வார்த்தைகளை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. வரிசையில் நல்லம்மாளும் நின்றாள். அவள் பையைக் கைமாற்றிக்கொண்டு கேட்டுப் பக்கம் திரும்பினாள்.

உள்ளே இருமல் நின்றது. யூஜினியா புகையில் சிவந்த கண்களோடு வந்து, மிளகாயில் சிவந்த கண்களோடு இருந்தவரைப் பார்த்தாள். அம்மியில் இருந்ததை ஒரு விரலால் தொட்டாள்.

“இது மசாலாவா, செங்கப்பொடியா?”

சூசைமுத்து தடவித் தடவிப் பால் டின்னை எடுத்துக்கொண்டார். “ஜினியா, ஒரு தடவ வடிச்சுக் காட்டேன். வாசல் வேணாம்னா வேணாம். எங்க சொல்றியோ அங்க அடுப்பப் போட்டுத் தர்றேன்.”

அவள் வரிசையைப் பார்த்தாள். நிறையப் பேர் நின்றார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்பக்கம் போகாமல், ஜன்னலடியில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். இல்லாத பானையைச் சோத்தாங்கைப் பக்கமாகச் சாய்த்து, நிதானமாக வடித்தாள். அவர் கண்ணில் நீர் வழிய வழியக் குனிந்து, அவள் முழங்கையை ஒட்டிச் சாம்பல் கோடு இழுத்தார்.

வடித்து முடித்ததும், ஆவி அடித்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த முட்டுக்குச்சியை எடுத்தாள். பலகையை இரண்டு கையாலும் மேலே தள்ளி, பாதையைப் பார்க்க ஜன்னலை முழுதாகத் திறந்து, முட்டுக் கொடுத்தாள்.